மீட்க வந்த உறவுக்காரர்

அன்புள்ள அண்ணனுக்கு,

தொண்டியிலிருந்து எழுதுகிறேன். நண்பன் கூப்பிட்டான் என்று இந்த வருஷம் பெரிய வெள்ளிக்குத் தங்கச்சிமடம் போயிருந்தேன். பிரசங்கத்தில் சாமியார், “நமக்கு வரவேண்டிய தண்டனையை இயேசு வாங்கிக்கொண்டார்” என்றார். சுற்றிலும் அழுதார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. உப்பைத் தின்றவன்தானே தண்ணீர் குடிக்க வேண்டும்? தப்பு செய்யாதவரை அடித்துவிட்டுத் தப்பு செய்தவனை அனுப்பிவைப்பது என்ன நியாயம்? பக்கத்திலேயே ராமேஸ்வரம். ராவணனைக் கொன்ற தோஷத்தை ராமரே லிங்கம் வைத்து வணங்கிப் போக்கிக்கொண்டார், ஆள் வைத்துத் தீர்க்கவில்லை. ஓரியூரில் வெட்டப்பட்ட போர்த்துக்கீசியப் பாதிரியார் அருளானந்தர் ரத்தம் பட்டதென்று செம்மண்ணை எடுத்துப் பூசுகிறார்களே, அதுவும் இதே கணக்குதானா? நீங்கள் வேதக்காரக் குடும்பம் என்பதால் கேட்கிறேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

ஓரியூரை முதலில் தள்ளிவைத்துவிடலாம். 1693 பிப்ரவரி 4 அன்று அங்கே வெட்டப்பட்ட அருளானந்தர் யாருடைய பாவத்துக்கும் ஈடாகச் சாகவில்லை, தன் விசுவாசத்துக்குச் சாட்சியாகச் செத்தார். மண்ணைப் பூசுவது அவர்மேல் உள்ள பக்தி.

ராமேஸ்வரத்துக்கு வருகிறேன். கோயிலுக்குள் 22 தீர்த்தம் ஆடியிருப்பீர்கள். எந்தக் கிணற்றிலாவது நீங்களே இறைத்து ஊற்றிக்கொண்டீர்களா? விளிம்பில் வாளியோடு நிற்பவர் இறைத்து உங்கள் தலையில் கவிழ்க்கிறார். அக்னி தீர்த்தக் கரையில் எள்ளும் தண்ணீரும் விடும் மகன் தனக்காகவா விடுகிறான்? அப்பனுக்காக. ‘அவனவன் கணக்கு அவனவனுக்கு’ என்று வாயால்தான் சொல்கிறோம். கை வேறு செய்கிறது.

உங்கள் கோபம் சரியான இடத்தில்தான் வந்திருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்ட பிரசங்கம் நீதிமன்றத்தின் பாஷை. இயேசுவின் சாவு எப்படி நம்மை மீட்கிறது என்பதற்கு இப்படித்தான் என்று ஒரே விளக்கத்தை ஆயர்கள் கூடிய எந்தப் பொதுச்சங்கமும் கட்டாயமாக்கவில்லை. ஞாயிறுதோறும் சொல்லும் விசுவாசப் பிரமாணம்கூட “மனிதர் நமக்காகவும் நம் மீட்புக்காகவும்” என்பதோடு விட்டுவிடுகிறது. நான்காம் நூற்றாண்டில், நீசா நகரத்து ஆயர் கிரகோரியார் அந்த மீட்பைத் தூண்டிலாகச் சொன்னார்: இயேசுவின் மனித உடல் இரை, உள்ளே தெய்வத்தன்மை முள். சாத்தான் இரையென்று விழுங்கி மாட்டிக்கொண்டான். (இன்றைய துருக்கியின் உள்நாட்டில், கடல் இல்லாத கப்பதோக்கியாக்காரருக்கு இது தோன்றியிருக்கிறது. பாம்பன்காரர் எவராவது சொல்லியிருக்க வேண்டியது.) அவர் நண்பரான நசியான்சு கிரகோரியாரோ, மீட்புவிலை சாத்தானுக்குக் கொடுக்கப்பட்டது என்ற பேச்சே பிடிக்காதவர். கொள்ளைக்காரனுக்கா பணம் என்று கேட்டார். பதினோராம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தின் காண்டர்பரி பேராயர் ஆன்செல்ம், பாவம் கடவுளின் மரியாதைக்கு வந்த குறை, அதை ஈடுகட்டியே தீரவேண்டும் என்றார். முதல் மரியாதைக்காக ஊரே இரண்டுபட்ட கதை கேட்டு வளர்ந்த சேதுபதி சீமைக்காரர்களுக்கு அது புரியாமல் போகாது. பதினாறாம் நூற்றாண்டுப் புரோட்டஸ்டண்ட் சீர்திருத்தக்காரர்கள் கையில்தான் மரியாதை சட்டமாகவும், ஈடு தண்டனையாகவும் கெட்டிப்பட்டது. எனக்கு அந்த விளக்கத்தில் மனம் ஒட்டியதே இல்லை.

மனம் ஒட்டியது ‘மீட்பு’ என்ற சொல்லில். நம் கரையில் அது நகையோடு வரும் சொல், இலங்கையில் பிடிபட்ட படகோடு வரும் சொல். பழைய ஏற்பாட்டிலும் அப்படித்தான். வறுமையில் ஒருவன் நிலத்தை விற்றுவிட்டால் நெருங்கிய உறவினர் வந்து அதை மீட்க வேண்டும் என்கிறது லேவியர் 25. தன்னையே விற்றுக்கொண்டவனையும் உறவினர் மீட்கலாம். அப்படி மீட்பவருக்கு எபிரேயத்தில் ‘கோஏல்’ என்று பெயர். விதவை ரூத்தின் கதையில் அவள் கணவனின் உறவினர் போவாசு செய்தது அதுதான். இறைவாக்கினர் எசாயா அதே சொல்லால் கடவுளையே கூப்பிடுகிறார். அதாவது, நீதிபதியாக அல்ல, உறவுமுறை உள்ளவராக.

மீன் வாங்கும் ஏவாரியிடம் முன்பணம் வாங்கியவன் பாடு உங்களுக்குத் தெரியும். பிடித்த மீனை அவரிடமே, அவர் சொன்ன விலைக்கே போட வேண்டும். கடன் அடையாது, வேறு கரைக்கும் போக முடியாது. இரண்டு வழியில்தான் அவன் வெளியே வரலாம். தாய்மாமன் எவராவது வந்து கட்டவேண்டும். அல்லது ஏவாரியே நோட்டைக் கிழிக்கவேண்டும். கிழித்துவிட்டால் அந்தப் பணம் எங்கே போகிறது? எங்கும் போகாது, ஏவாரியின் நஷ்டமாக நிற்கிறது. மன்னிப்பவர் கையைக் கடிக்காத மன்னிப்பு கிடையாது. கட்ட வந்த மாமனும் கடன் கொடுத்தவரும் ஒரே ஆள் என்பதுதான் கிறிஸ்தவம் சொல்வது. “கடவுள் கிறிஸ்து வழியாக உலகினரைத் தம்மோடு ஒப்புரவாக்கினார்” என்கிறார் பவுல். சிலுவையில் அடிபட்டவர் எங்கிருந்தோ இழுத்துவரப்பட்ட மூன்றாம் மனிதராக இருந்தால் நீங்கள் சொல்வதுபோல அது அநியாயம்தான். அவர் கடவுளே என்று நம்புவதால்தான் எங்கள் ஆட்கள் அழுகிறார்கள். அதை நம்பாத உங்களுக்கு அழுகை வராததில் குறையொன்றும் இல்லை.

சரி, உப்பைத் தின்றவன் தண்ணீரே குடிக்க வேண்டாமா? வரி வசூலித்துப் பணக்காரனான சக்கேயு இயேசுவைத் தன் வீட்டில் வரவேற்ற கையோடு, ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று எழுந்து நிற்கிறான்.

எனக்குப் பத்து வயது இருக்கும். பக்கத்து வீட்டுப் பெரியப்பாவின் வலையிலிருந்து ஈயக்குண்டுகளைக் கழற்றிப் பழைய இரும்புக்காரனிடம் போட்டு ஐஸ் வாங்கித் தின்றேன். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னபோது சாமியார், “கடவுள் மன்னிச்சிட்டார். ஈயத்தைக் கொண்டுபோய் அவர்ட்ட குடு” என்றார். ஈயம் ஏது? அம்மாவிடம் அழுதேன். அவள் முதுகில் நாலு வைத்துவிட்டு, கருவாடு விற்ற காசை எண்ணிக் கையில் தந்தாள். பெரியப்பா காசை வாங்கி மடியில் முடிந்துகொண்டார். மறுநாள் விடியுமுன் வந்து கதவைத் தட்டினார். பள்ளி திறக்கும்வரை தினமும் அவர் வலையில் உட்கார்ந்து நண்டு எடுத்துவிட்டேன். விரலில் ஒரு தழும்பு இன்னும் இருக்கிறது. கடைசி நாள் அம்மாவுக்கு என்று நாலு நண்டு கொடுத்தனுப்பினார்.

அன்புடன்,
அண்ணன்