பூட்டிய வீடுகளின் கணக்கு

அன்புள்ள ஐயா,

நான் ஆய்வு மாணவி. 400 குடும்பங்களில் கணக்கெடுத்தேன். தனியாக வாழ்பவர் 19%, தம்பதி மட்டும் 26%, பிள்ளைகளோடு தம்பதி 36%, ஒற்றைப் பெற்றோர் 7%, பிற 12%. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இவை முறையே 25, 25, 30, 10, 10. இரண்டு பட்டியல்களும் பொருந்துகின்றனவா என்று பார்க்கும் கை-வர்க்கச் சோதனையில் (chi-square) 3.98 வந்தது, வேறுபாடு உண்டு என்று சொல்ல அது தாண்ட வேண்டிய அட்டவணை மதிப்பு 9.49. வேறுபாடு இல்லை என்று எழுதலாமா? ஒற்றைப் பெற்றோர் குறைவாக இருப்பதால் ‘பிற’வோடு சேர்த்துவிடலாமா?

அன்புள்ள மாணவிக்கு,

எழுதக் கூடாது. சூத்திரத்தில் சதவீதத்தைப் போட்டிருக்கிறீர்கள். 1900-இல் புள்ளியியலாளர் கார்ல் பியர்சன் இந்தச் சோதனையை எண்ணிக்கைகளுக்காகத்தான் வகுத்தார். சதவீதத்தைப் போட்டால் 100 வீடுகளுக்கு மட்டுமே போனதாகக் கணக்கு. வெயிலில் அலைந்து மீதி 300 வீடுகளின் படியேறியதை நீங்களே அழித்துவிட்டீர்களே! எண்ணிக்கையில் போட்டால் 15.92. அது 9.49-ஐத் தாண்டுகிறது, பொருந்தவில்லை. ஆய்வு மாணவி இதைச் செய்யலாமா? வகைகளைச் சேர்ப்பது, எதிர்பார்க்கும் எண்ணிக்கை 5-க்குக் கீழே போகும்போது யோசிக்க வேண்டியது. ஒற்றைப் பெற்றோருக்கு உங்களிடம் எதிர்பார்ப்பது 400-இல் 10%, அதாவது 40 இருக்கிறது. விட்டுவிடுங்கள்.

என்னை அலைக்கழிப்பது வேறு. தனியாக வாழ்பவர் 100 இருக்க வேண்டிய இடத்தில் 76. ஒற்றைப் பெற்றோர் 40-க்கு 28. குறைந்த இரண்டுமே பெரியவர் ஒருவர் மட்டும் உள்ள வீடுகள். கவனித்தீர்களா? அவர் வேலைக்குப் போய்விட்டால் கதவு பூட்டியிருக்கும்.

இளவயதில் நானும் கணக்கெடுக்கப் போயிருக்கிறேன். பகலில்தான் அனுப்புவார்கள். வீடு பூட்டியிருந்தது என்றால், “அடுத்த வீட்டில் கேளுங்கள்” என்பார் மேற்பார்வையாளர். அடுத்த வீட்டில் கணவனோ மனைவியோ கதவைத் திறப்பார், பிள்ளைகள் எட்டிப் பார்ப்பார்கள், படிவம் நிறைந்துவிடும். பூட்டுக்குப் பின்னால் வாழ்ந்தவர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார். இன்றும் அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை. உங்கள் பட்டியலில் பிள்ளைகளோடு தம்பதி 120-க்கு 144. அது எப்படிக் கூடியது?

ஊரே மாறியிருக்கலாம், நீங்கள் போன நேரம் காரணமாகவும் இருக்கலாம். 15.92 இரண்டையும் பிரித்துச் சொல்லாது. அந்த ஒற்றைப் பெற்றோரையா ‘பிற’வுக்குள் தள்ளப் பார்க்கிறீர்கள்? இவர்களின் குறையும் ‘பிற’வின் மிகுதியும் ஒன்றையொன்று விழுங்கி, 80-க்கு 76 என்று சாதுவாக நிற்கும். 15.92-இல் தனித்தனியே 3.6, 1.6 என்று பங்களித்துப் பேசியவை சேர்ந்தபின் வெறும் 0.2. கணக்கில் பிழை இராது, ஆனால் அந்த வீடுகள் இரண்டாம் முறையும் மறைந்துபோகும்.

படிவங்களில் நேரம் குறித்திருக்கிறீர்களா? பூட்டியிருந்த வீடுகளுக்குப் பதிலாக வேறு வீடுகளைச் சேர்த்தீர்களா? சேர்த்திருந்தால், பழைய முகவரிகளை எடுத்துக்கொண்டு மாலையிலும் விடுமுறை நாளிலும் மறுபடி போங்கள், அம்மா. பிறகு எண்ணிக்கையில் கணக்கிட்டு எனக்கு எழுதுங்கள். காத்திருக்கிறேன்.