ஹெட்போன் வாங்கும் முன் யாரிடம் கேட்பது?

ஒலிச் சாதனங்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளில், ஹெட்போன் தொடர்பானவற்றுக்கு மட்டும் இந்த இதழில் பதில் அளிக்கப்படுகிறது.

கேள்வி: நான் வாங்க நினைத்திருக்கும் ஹெட்போனை ஹெட்-ஃபையில் வானளாவப் புகழ்கிறார்கள். ஆடியோ சயின்ஸ் ரிவ்யூவில் அதே ஹெட்போனைப் பரிந்துரைக்க முடியாது என்று ஒதுக்கிவிட்டார்கள். ரெடிட்டில் பாதிப் பேர் வாங்கு என்கிறார்கள், பாதிப் பேர் வேண்டாம் என்கிறார்கள். யாரை நம்புவது?
— வாசகர், திருச்சி

இந்த மூன்று இணைய மன்றங்களிலும் ஒரே பொருளைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்றாலும், அவர்கள் விடை தேடும் கேள்வி ஒன்றல்ல. ஒவ்வொரு மன்றத்திலும் எதைச் சொல்லலாம், எதற்குச் சான்று காட்ட வேண்டும் என்பதற்கு ஒரு விதிமுறை உண்டு. அதைத் தெரிந்துகொண்டு படித்தால் முரண்பாட்டில் பெரும்பகுதி தானாகவே விலகிவிடும்.

ஹெட்-ஃபை 2001ஆம் ஆண்டில் ஜூட் மான்சில்லா அமெரிக்காவில் தொடங்கியது. ஒரு சாதனத்தை வைத்திருப்பவர் தம் செவிக்குப் பட்டதை விரிவாக எழுதுவதே அங்குள்ள மரபு. 'உங்களுக்குக் கேட்ட வேறுபாடு உண்மைதானா, எது ஓடுகிறது என்று தெரியாமல் கேட்டுப் பார்த்தீர்களா' என்று எதிர்க்கேள்வி கேட்பதற்கென்று அங்கே தனிப் பிரிவு ஒன்றை ஒதுக்கியிருக்கிறார்கள்; மற்றத் திரிகளில் (உரையாடல் தொடர்களில்) அந்த விவாதத்திற்கு இடமில்லை. ஆகவே கேபிளைப் பற்றிய திரியில் ஐயப்படுபவர் ஒருவரும் இல்லாததைக் கண்டு, எல்லாரும் ஒத்துக்கொண்டுவிட்டார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. ஐயப்படுபவர்களுக்கு அங்கே நாற்காலி போடப்படவில்லை, அவ்வளவுதான். சாதனங்களை விற்கும் நிறுவனங்களின் விளம்பரத்தாலும் அந்தத் தளம் நடக்கிறது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஆனால் ஹெட்-ஃபையை வெறும் புகழுரைக் கூடம் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. சென்ஹைசர் எச்டி 600 போல 1990களில் வெளிவந்து இன்றும் விற்பனையில் உள்ள ஒரு மாடலை எடுத்துக்கொண்டால், அதன் காதுப் பஞ்சு எத்தனை காலத்தில் நசுங்குகிறது, நசுங்கிய பிறகு ஒலி எப்படி மாறுகிறது, மாற்றுப் பஞ்சுகளில் எது பொருந்துகிறது, தலைப்பட்டை எங்கே விரிசல் விடுகிறது என்று பல ஆண்டுகளாகப் பயன்படுத்துபவர்கள் எழுதிவைத்த செய்திகள் அங்கே குவிந்துகிடக்கின்றன. எந்த ஆய்வுக்கூடக் கருவியும் இவற்றை ஒரு பிற்பகலில் அளந்து சொல்லிவிட முடியாது.

இதற்கு நேர் எதிர்முனையில் இருப்பது, அதே 2001இல் தோன்றிய ஹைட்ரஜன் ஆடியோ. ஒலித்தரம் பற்றி ஒருவர் ஏதேனும் சொன்னால் அதைக் கண்கட்டுச் சோதனையால் நிறுவ வேண்டும் என்பது அங்கே எட்டாவது விதி. முதல் ஒலி, இரண்டாம் ஒலி, இரண்டில் ஏதோ ஒன்றாக இருக்கும் மூன்றாவது ஒலி ஆகிய மூன்றையும் மாற்றி மாற்றிக் கேட்டு, மூன்றாவது எது என்று சொல்ல வேண்டும். 16 முறை செய்து 12 முறை சரியாகச் சொன்னால் அது வெறும் ஊகமாக இருக்கும் வாய்ப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே. எம்பி3 கோப்புகளை உருவாக்கும் லேம் மென்பொருள் மெருகேறியதில் இந்த மன்றத்தின் சோதனைகளுக்குப் பங்கு உண்டு. கோப்பு வடிவங்களைப் பற்றிய ஐயத்துக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் ஹெட்போனில் இந்தச் சோதனையை நடத்துவது கடினம்; தலையில் மாட்டியவுடனேயே எடையும் பஞ்சும் எது எது என்று காட்டிக்கொடுத்துவிடும்.

ஆடியோ சயின்ஸ் ரிவ்யூ 2016இல் தொடங்கியது. அதன் நிறுவனர் அமீர் மஜிதிமெர் முன்பு மைக்ரோசாஃப்டில் உயர் பொறுப்பில் இருந்தவர். இரைச்சலும் திரிபும் சேர்ந்து மூல ஒலிக்கு எவ்வளவு கீழே நிற்கின்றன என்பதை ஆடியோ பிரிசிஷன் கருவியால் அளந்து, டெசிபலில் ஓர் எண்ணாகத் தருகிறார்; எண் பெரிதானால் ஒலி தூய்மையானது என்று பொருள். டாக் (டிஜிட்டல் கோப்பை ஒலிக்கான மின்சைகையாக மாற்றும் கருவி), ஆம்ப்ளிஃபயர் ஆகிய மின்னணுச் சாதனங்களைப் பொறுத்தவரை இந்த அளவீட்டுக்குப் பிறகு பேச அதிகம் மிஞ்சுவதில்லை என்பதே என் கருத்து. 16 பிட் குறுந்தகட்டின் கோட்பாட்டு எல்லை சுமார் 98 டெசிபல். அமெரிக்காவில் 9 டாலருக்கு விற்கப்படும் ஆப்பிளின் யுஎஸ்பி-சி இணைப்பியே (போனில் ஹெட்போனைச் செருக உதவும் சிறு கருவி) ஏறத்தாழ அந்த இடத்துக்கு வந்துவிடுகிறது என்னும்போது, 110, 115, 120 என்று ஏறும் பட்டியலில் முதலிடத்தைத் துரத்துவது பொறியியல் ஆர்வமே தவிர, செவிக்கான தேவை அல்ல. அந்தத் தளத்தின் வாசகர்களே இதைச் சில வேளைகளில் மறந்துவிடுகிறார்கள். ஹெட்போன் என்று வரும்போதோ நிலைமை வேறு. அங்கே அளவீட்டோடு ஒரே ஒருவருடைய செவித்தீர்ப்பும் சேர்ந்துகொள்கிறது; தலையில் இரண்டு மணி நேரம் வைத்திருந்தால் வலிக்குமா என்பது வரைபடத்தில் தெரியாது.

ரெடிட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாக்குகளால் மேலெழும் கருத்துதான் அங்கே கண்ணில் படும். ஆகவே அந்த மாதத்து மோகம் எது என்பது உடனே தெரியும், மூன்று ஆண்டுகளுக்கு முன் வந்த நல்ல பதில் கண்ணில் படாது.

இந்தியாவில் வாங்குபவர் கூடவே ஹைஃபைவிஷன் மன்றத்தையும் பார்க்க வேண்டும். இங்கே என்ன விலை, பழுதானால் யார் பொறுப்பேற்பார்கள், பழைய சாதனம் விற்பனைக்கு வந்திருக்கிறதா என்ற கேள்விகளுக்கு வெளிநாட்டு மன்றங்கள் எவ்வளவு பெரியவையானாலும் உதவ மாட்டா.

உங்கள் ஹெட்போனைப் பொறுத்தவரை, அதைப் புகழ்ந்தவர்களில் அதை ஓராண்டுக்கு மேல் வைத்திருப்பவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று ஹெட்-ஃபையில் தேடுங்கள். பரிந்துரைக்க முடியாது என்றவர் எந்த அதிர்வெண்ணில் என்ன குறை கண்டார் என்று ஆடியோ சயின்ஸ் ரிவ்யூவில் பாருங்கள். அந்தக் குறை ஈக்வலைசரால் (அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதியால்) தீரக்கூடியது என்றால் வாங்குவதில் தவறில்லை.

கேள்வி: மதிப்புரைகளில் 'ஹார்மன் கோட்டை ஒட்டிப் போகிறது' என்று ஒரு வரைபடத்தைக் காட்டுகிறார்கள். அந்தக் கோட்டை ஒட்டிப் போகும் ஹெட்போன் எனக்கும் பிடிக்கும் என்று உறுதியாகச் சொல்லலாமா?
— வாசகர், சேலம்

உறுதியாகச் சொல்ல முடியாது. வாய்ப்பு அதிகம் என்று சொல்லலாம். ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் டாட் வெல்ட்டியும் 2012 வாக்கில் தொடங்கி, பல்வேறு கேட்பவர்களை உட்காரவைத்து எந்த ஒலிச்சமநிலை பிடிக்கிறது என்று சோதித்து வரைந்த கோடு அது. ஸ்பீக்கரில் கேட்கும்போது காதுமடலும் காதுக்குழாயும் 3000 ஹெர்ட்ஸ் அருகே ஒலியை இயல்பாகவே உயர்த்திக் கொடுக்கின்றன. அதனால்தான் நல்ல ஹெட்போனின் வரைபடம் தட்டையாக இராமல் அந்த இடத்தில் ஒரு மேடு காட்டும். புதிதாகப் பார்ப்பவர்கள் அதைக் குறையென்று நினைத்துவிடுகிறார்கள்.

அதே ஆய்வாளர்கள் பின்னர் கேட்பவர்களை வகைப்படுத்தியபோது, 64 விழுக்காட்டினர் அந்தக் கோட்டை விரும்பினர்; 15 விழுக்காட்டினருக்கு இன்னும் கூடுதலான பேஸ் (தாழ்ந்த அதிர்வெண் ஒலி) வேண்டியிருந்தது; 21 விழுக்காட்டினர் பேஸ் குறைவாக இருப்பதை விரும்பினர். நீங்கள் இந்த மூன்றில் எந்தப் பிரிவு என்பதை எந்த மன்றமும் உங்களுக்குச் சொல்லித்தர முடியாது. விலையும் இதற்கு வழிகாட்டாது: 2017இல் ஆய்வாளர் ஜெரூன் பிரேபார்ட் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை ஒப்பிட்டு, அதிர்வெண் வரைபடத்துக்கும் விற்பனை விலைக்கும் தொடர்பு இல்லை என்று காட்டினார்.

வரைபடங்களை ஒப்பிடும்போது ஓர் எச்சரிக்கை மிக அவசியம். ஒரு தளத்தில் ஒரு கருவியால் எடுத்த வரைபடத்தை இன்னொரு தளத்தின் இன்னொரு கருவி வரைந்ததோடு அடுக்கிப் பார்க்கக் கூடாது. இயர்போன்களை அளக்கும் செயற்கைக் காதுகள் பலவற்றில், செருகும் ஆழத்தைப் பொறுத்து 8000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு கூர்முனை தோன்றும். அது இயர்போனின் குணமல்ல, அளந்த குழாயின் குணம். அந்த முனையைக் காட்டி 'டிரெபிள் (உயர் அதிர்வெண் ஒலி) காதைக் கிழிக்கிறது' என்று எழுதுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஒரே கருவியில் அளந்த பல மாடல்களை அருகருகே வைத்துக் காட்டும் ஸ்க்விக்லிங்க் போன்ற தளங்கள் இந்த வகையில் பயனுள்ளவை. இயர்போன் தரவரிசையால் பெயர்பெற்ற மதிப்புரையாளர் கிரினக்கிள், தயாரிப்பாளர்களோடு சேர்ந்து தாமே இயர்போன்களை வடிவமைக்கிறார். அதை அவர் மறைக்கவில்லை, படிப்பவர்தான் மறக்கக் கூடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மேலைநாட்டு மன்றங்களில் ஒரு ஹெட்போனைச் சோதிப்பவர் பெரும்பாலும் ராக், ஜாஸ், மின்னணு இசை ஆகியவற்றைத்தான் ஓடவிடுகிறார். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்து முழக்கம் கலங்கலாகக் கேட்கிறதா, தம்புராவின் ரீங்காரம் பாடகரின் குரலை மூடுகிறதா என்பது உங்கள் கவலை என்றால், அவர்களுடைய உருவகங்களை விடுத்து வரைபடத்தின் தாழ்பகுதியையும் நடுப்பகுதியையும் பார்ப்பதே மேல்.

கேள்வி: 300 ஓம் ஹெட்போன் ஒன்று சலுகை விலையில் கிடைக்கிறது. என் போனில் செருகினால் போதுமா, ஆம்ப்ளிஃபயர் கட்டாயமா? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.
— வாசகர், கோயம்புத்தூர்

ஓம் கணக்கை மட்டும் வைத்துப் பேசுவதால்தான் இந்தக் குழப்பம். இம்பீடன்ஸ் (ஓம் கணக்கில் சொல்லப்படும் மின்தடை) கூடினால் அதே அளவு திறனுக்கு அதிக வோல்ட் வேண்டும். ஆனால் எவ்வளவு திறன் வேண்டும் என்பதை உணர்திறன், அதாவது ஒரு மில்லிவாட் திறனுக்கு எவ்வளவு ஒலி எழும் என்பதுதான் முடிவு செய்கிறது. ஹைஃபைமேன் எச்இ-6 வெறும் 50 ஓம்தான். ஆனால் ஒரு மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபல் என்ற மிகக் குறைந்த உணர்திறனால், ஆம்ப்ளிஃபயர்களைத் திணறடிப்பதில் பெயர் வாங்கியது. ஆகவே பெட்டியில் அச்சிட்டிருக்கும் இரண்டு எண்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

போனில் செருகும், 1 வோல்ட் தரும் இணைப்பி 300 ஓம் ஹெட்போனுக்கு 3.3 மில்லிவாட் கொடுக்கும். உணர்திறன் மில்லிவாட்டுக்கு 97 டெசிபல் என்றால் உச்சத்தில் 102 டெசிபல் வரும். நவீனத் திரைப்பாடல்களுக்கு அது தாராளம். மெல்லிய ஒலியில் பதிவான பழைய கச்சேரிகளுக்கும், உச்சத்துக்கும் தாழ்வுக்கும் இடைவெளி மிகுந்த சிம்பொனிகளுக்கும் சற்றுக் குறைவாகப் படலாம். முதலில் போனில் கேளுங்கள். ஒலி போதாவிட்டால் மட்டும் ஆம்ப்ளிஃபயர் வாங்குங்கள். முன்பு சொன்ன ஆப்பிள் இணைப்பி பல ஆண்ட்ராய்டு போன்களில் முழு ஒலியைத் தராமல் தாழ்ந்தே நிற்கும் என்பதால், ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்கள் வேறு இணைப்பியைத் தேடுவது நல்லது.

கேள்வி: கேபிளை மாற்றினால் ஒலி துலங்கும் என்றும், புது ஹெட்போனை 100 மணி நேரம் ஓடவிட்ட பிறகே அதன் உண்மையான ஒலி வெளிவரும் என்றும் சொல்கிறார்களே?
— வாசகி, யாழ்ப்பாணம்

சாதாரண ஹெட்போன் கேபிள் அறுந்திராமலும் இணைப்பு தளர்ந்திராமலும் இருந்தால் போதும். இரண்டு கேபிள்களை ஒப்பிடும்போது ஒலியளவை 0.1 டெசிபல் அளவுக்குச் சமப்படுத்தாமல் எடுத்த முடிவைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. சற்றே உரக்க ஒலிப்பது செவிக்கு எப்போதும் 'துலக்கமாக'த்தான் கேட்கும். நாள் செல்லச் செல்ல மாறுவது பெரும்பாலும் காதுப் பஞ்சு அமுங்கிப் பொருந்துவதும், நம் செவி அந்த ஒலிக்குப் பழகுவதும்தான். 100 மணி நேரம் கழியட்டும் என்று காத்திருப்பதால் வேறொரு நட்டமும் உண்டு: பிடிக்காத பொருளைத் திருப்பித் தரும் கெடு அதற்குள் முடிந்துவிடும்.

கேள்வி: மன்றங்களில் 'நல்ல ஹெட்போன் சொல்லுங்கள்' என்று கேட்டால் ஒருவரும் பதில் சொல்வதில்லை, அல்லது ஏளனம் செய்கிறார்கள். எப்படிக் கேட்பது?
— வாசகர், மதுரை

அதே கேள்வி அங்கே நாள்தோறும் வருவதால் பழைய உறுப்பினர்கள் சலித்துப்போயிருக்கிறார்கள்; ஏளனம் செய்வது சரியென்று சொல்லவில்லை. ரெடிட்டில் இத்தகைய கேள்விகளுக்கென்றே தனிக் குழு இருக்கிறது, அங்கே கேளுங்கள். கேட்கும்போது, செலவழிக்கக்கூடிய தொகையை ரூபாயில் சொல்லி, இந்தியாவில் வாங்கப்போவதையும் குறிப்பிடுங்கள். போனா கணினியா, அமைதியான அறையா பேருந்தா என்று எழுதுங்கள்; பேருந்து என்றால் பின்புறம் திறந்த, வெளிச்சத்தம் உள்ளே புகும் ஹெட்போன்கள் அனைத்தும் அப்போதே பட்டியலிலிருந்து நீங்கிவிடும். இப்போது வைத்திருக்கும் ஹெட்போனின் பெயரையும், அதில் எது பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை என்பதையும் சொன்னால், உங்கள் பேஸ் விருப்பம் எந்தப் பக்கம் என்பது பதில் சொல்பவருக்குப் புரிந்துவிடும். கேட்கும் இசையில் இரண்டு மூன்று பதிவுகளின் இணைப்பைக் கொடுங்கள்.

மூக்குக் கண்ணாடி அணிபவராக இருந்தால் அதையும் மறவாமல் எழுதுங்கள். மூடிய வகை ஹெட்போனில் கண்ணாடியின் காம்பு பஞ்சுக்கும் தோலுக்கும் இடையே சிறு சந்து உண்டாக்கி, பேஸைக் கசியவிட்டுவிடும். வரைபடத்தில் அருமையாக இருந்த ஒன்று உங்கள் தலையில் வெறுமையாகக் கேட்பதற்கு இது ஒன்றே காரணமாக இருக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்குத் தடித்த, மென்மையான பஞ்சுள்ள மாடலையோ, பஞ்சே குறுக்கிடாத இயர்போனையோ அனுபவமுள்ள உறுப்பினர்கள் உடனே சுட்டிக்காட்டுவார்கள்.