சைக்கெடெலிக் சிகிச்சையை வியாபாரம் ஆக்குவது சரியா?

மனசில் மாயக்காட்சிகளைக் கிளப்புகிற மருந்துகளை மனநோய்க்குக் கொடுக்கிறார்களே, அதுதான் சைக்கெடெலிக் சிகிச்சை. அதை வியாபாரம் ஆக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. மருந்தின் மயக்கம் தெளிவதற்குள் கையெழுத்து வாங்குகிறார்களே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

உங்கள் வீட்டில் யாரோ ஒருவர் ரொம்ப நாளாக மாத்திரை சாப்பிட்டும் தேறவில்லை, ஃபேஸ்புக்கில் ஏதோ விளம்பரம் கண்ணில் பட்டிருக்கிறது, அதனால்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். சும்மா விவாதத்துக்குக் கேட்டிருந்தால் மற்றவர்கள் பதிலைப் படியுங்கள்.

நான் ராணிப்பேட்டை, வாலாஜா பக்கத்து நர்சிங் ஹோம்களில் மயக்க மருந்து டெக்னீஷியனாக வேலை பார்த்தே தலை நரைத்தவன். டாக்டர் இல்லை, அப்படி எங்கேயும் சொல்லிக்கொண்டதும் இல்லை. நான் பேசப்போவது கீட்டமைன் என்கிற மயக்க மருந்தைப் பற்றி. "கீட்டமைன் சைக்கெடெலிக்கே கிடையாது" என்று ஒருத்தர் கமெண்டில் வருவார். சரி ஐயா, புத்தகத்தில் அது வேறு வகைதான். ஆனால் சைலோசைபின், எல்எஸ்டி, எம்டிஎம்ஏ என்று இந்தச் சிகிச்சைக்குப் பேசப்படுகிற மருந்துகள் எல்லாம் நம் நாட்டில் 1985 போதைப்பொருள் சட்டத்தின் தடைக்குள் மாட்டிக்கொண்டவை. இங்கே போர்டு மாட்டி விற்க முடிகிறது என்றால் அது கீட்டமைன்தான்.

அதுவும் புது மருந்தா? 1962-ல் அமெரிக்காவில் கால்வின் ஸ்டீவன்ஸ் தயாரித்தது, 1970-ல் அங்கே அனுமதி கிடைத்தது. மூச்சை அவ்வளவாக அமுக்காது, பி.பி.யைக் கீழே தள்ளாது; சின்ன ஆஸ்பத்திரிகளுக்கு அது தெய்வம். தீக்காயத்துக்குக் கட்டு மாற்ற, நழுவின தோள்மூட்டை ஏற்ற என்று எவ்வளவோ பேருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். தெளியும்போது பிதற்றுவார்கள். படவேட்டம்மா வந்து நிற்கிறாள் என்று கைகூப்பியவர் உண்டு. செத்துப்போன மாமியாரோடு சண்டை போட்டவரும் உண்டு. அந்தப் பிதற்றலை அடக்க மிடசோலம் என்கிற தூக்க மருந்தைச் சேர்த்துப் போடுவோம். நாங்கள் தொல்லை என்று அமுக்கி வைத்ததை இன்றைக்கு 'அனுபவம்' என்று விற்கிறார்கள்.

அதற்காக எல்லாமே டுபாக்கூர் என்று சொல்ல வரவில்லை. மனச்சோர்வுக்கு இது வேலை செய்வதை 2000-லேயே யேல் பல்கலைக்கழகத்தில் சின்ன அளவில் சோதித்துக் காட்டினார்கள். கிலோவுக்கு அரை மில்லிகிராம், 40 நிமிடம் மெதுவாக ஏற்ற வேண்டும். மனசை வேகமாகத் தூக்கிவிடும், உண்மை. அதே வேகத்தில் இறங்கவும் செய்யும், அதை விளம்பரத்தில் போட மாட்டார்கள்.

என் மச்சான், மனைவியின் தம்பி, ஆம்பூர் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். பெண்டாட்டி போனதிலிருந்து மனசு விட்டுப்போய்க் கிடந்தான். பெங்களூரில் ஒரு க்ளினிக் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, "கூட்டினு போங்க மாமா" என்று ஒரே பிடிவாதம். ஆறு முறை ஏற்ற 60,000 ரூபாய்க்கு மேல், முழுத் தொகையும் முன்னாலேயே. மச்சான் எடை அறுபது கிலோ. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 30 மில்லிகிராம். 10 மில்லி பாட்டிலில் இருப்பது 500 மில்லிகிராம். அதாவது ஊசியில் இழுத்தால் 0.6 மில்லி. பாட்டில் முழுசுமே ஆம்பூரில் ஒரு பிளேட் பிரியாணி விலைக்குள் அடங்கிவிடும். இடத்துக்கும் மானிட்டருக்கும் டாக்டர் நேரத்துக்கும் காசு வேண்டாமா என்பீர்கள். வேண்டும்தான். ஆனால் டாக்டர் ஊசி ஏற்றியதும் போனவர் போனவர்தான், திரும்பி வரவே இல்லை.

சாய்வு நாற்காலி, கண்ணுக்குத் துணி, காதில் பாட்டு. ட்ரிப்ஸ் ஏறி முடிந்து துணியை எடுத்தால் மச்சானுக்குக் கருவிழி இன்னும் பக்கவாட்டில் ஆடிக்கொண்டிருக்கிறது. அதற்குள் கவுன்ட்டர் பெண் டேப்லெட்டோடு வந்து நிற்கிறாள். "பன்னிரண்டு செஷன் பேக்கேஜுக்கு மாத்திக்கோங்க சார், டிஸ்கவுன்ட் இன்னிக்கு மட்டும்தான்." இவன் சிரித்துக்கொண்டே விரலை நீட்டுகிறான்.

"ஏம்மா, பேஷண்ட் தெளியவே இல்ல, இன்னா கையெழுத்து இது?"

"அவரே ஓகேன்னு சொன்னார் சார்."

ஆபரேஷன் தியேட்டரில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே, ஒப்புதல் கையெழுத்தை மயக்கத்துக்கு முந்தின ஊசி போடுவதற்கு முன்னால் வாங்கு என்பதுதான். மறந்துபோய் ஊசி போட்டுவிட்டால் நோயாளி தெளியும்வரை எல்லாரும் காத்திருக்க வேண்டியதுதான், சர்ஜன் எவ்வளவு கத்தினாலும். இந்த மருந்துகளின் வேலையே மனசின் தாழ்ப்பாளைத் திறப்பது. திறந்த நேரத்தில் யார் என்ன சொன்னாலும் உள்ளே போகும். கனடாவில் எம்டிஎம்ஏ ஆய்வு ஒன்றில் சிகிச்சை கொடுத்த இரண்டு பேரே நோயாளிப் பெண்ணிடம் அத்துமீறி நடந்துகொண்டது வீடியோவாகவே வெளியே வந்தது. அதற்குப் பக்கத்தில் டிஸ்கவுன்ட் பேக்கேஜ் சின்ன விஷயம்தான். ஆனால் நோயாளி இருக்கும் நிலை ஒன்றுதானே?

மேனேஜர் வந்தார். நான் விவரம் சொன்னதும், "நீங்க டெக்னீஷியன்தானே சார்?" என்றார். இந்த வார்த்தையை நான் எங்கள் ஊர் ஆஸ்பத்திரிகளிலும் நிறைய கேட்டாயிற்று. ராத்திரி இரண்டு மணிக்கு சிசேரியனுக்கு சிலிண்டர் மாற்ற நாங்கள் வேண்டும். சம்பளம் கேட்டால் மட்டும் "டிப்ளமோதானே". அறுபதை நெருங்குகிறவனையும் "தம்பி, அந்த டியூபை எடு" என்று கூப்பிடுகிற டாக்டர் பிள்ளைகள் உண்டு. சரி, அது வேறு கதை.

பெரிய கம்பெனிகளும் யோக்கியம் இல்லை. காப்புரிமை முடிந்துபோன கீட்டமைனில் கண்ணாடிப் பிம்பம் மாதிரி கலந்திருக்கிற இரண்டு உருவங்களில் ஒன்றை மட்டும் பிரித்து, மூக்கில் அடிக்கிற ஸ்ப்ரேயாக்கி, 2019-ல் ஜான்சன் அண்ட் ஜான்சன் ஸ்ப்ரவேட்டோ என்று இறக்கியது. அப்போது ஒரு தடவைக்கு 590 முதல் 885 டாலர். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும்: அதை அடித்தபின் இரண்டு மணி நேரம் கண்காணிப்பில் உட்கார வைக்க வேண்டும் என்று அமெரிக்க அரசு விதி போட்டிருக்கிறது. அந்த இரண்டு மணி நேரத்தைத்தான் நான் பெங்களூரில் கேட்டேன்.

மச்சான் சில நாள் நன்றாகச் சாப்பிட்டான், பேசினான். பிறகு பழையபடி. இப்போது பாகாயத்தில், வேலூர் சி.எம்.சி.யின் மனநல ஆஸ்பத்திரியில் காட்டுகிறோம். குடும்பத்தோடு தங்கவைத்துப் பார்க்கிற இடம், மாத்திரையும் பேச்சுமாகப் போகிறது. அவன் என்மேல் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறான். "நல்லாத்தான் இருந்துச்சு, நீங்கதான் மாமா கெடுத்தீங்க" என்கிறான். மீதி செஷன்களுக்கான பணத்தை க்ளினிக் திருப்பித் தரவில்லை, இவனும் புகார் கொடுக்க ஒத்துவரவில்லை. பணம் போனது என் வீட்டுக்காரி கணக்கிலிருந்து. அவள் பெயரில் நுகர்வோர் கோர்ட்டில் போட முடியுமா, வேலூரிலேயே போடலாமா, பெங்களூர்தான் போக வேண்டுமா? விவரம் தெரிந்த வக்கீல்கள் யாராவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள்.