தண்டுவடம் அடிபட்ட தம்பிக்கு எந்த மெத்தை வாங்குவது?

கேள்வி: என் தம்பிக்கு 29 வயது, எடை 62 கிலோ. எட்டு மாதம் முன்பு தென்னை மரத்திலிருந்து விழுந்ததில் தண்டுவடம் அடிபட்டது. டிஸ்சார்ஜ் சம்மரியில் டி10 என்று போட்டிருக்கிறார்கள். தொப்புளுக்குக் கீழே உணர்ச்சி இல்லை, கைகள் நன்றாக இருக்கின்றன. குமிழ் குமிழாக இருக்கும் ஏர் பெட்டில் படுக்கிறான். பகலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துகொண்டு போன் பார்ப்பான். பத்து நாளாக வால் எலும்புக்கு மேலே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்திருக்கிறது, மறையவில்லை. தோல் கிழியவில்லை. வாட்டர் பெட் வாங்கு என்கிறார்கள் சிலர். மெடிக்கல் கடைக்காரர் டியூப் வைத்த ஏர் பெட்டைக் காட்டுகிறார். மெத்தைக் கடையில் ஆர்த்தோ மெத்தைதான் சரி என்கிறார்கள். எதை வாங்குவது? நல்லதாக வாங்கிவிட்டால், அம்மா இரவெல்லாம் எழுந்து திருப்பிப் போடுவதை நிறுத்தலாமா?
— ஒரு வாசகி, பொள்ளாச்சி

பதில்: கடைக்குப் போகும் முன் அந்தச் சிவப்பைப் பாருங்கள். விரலால் அழுத்தி எடுத்தால் ஒரு கணம் வெளுத்துத் திரும்பச் சிவக்க வேண்டும். வெளுக்காமல் அப்படியே நின்றால் அது படுக்கைப் புண்ணின் முதல் நிலை. நம் தோல் நிறத்தில் சிவப்பு சரியாகத் தெரியாது. புறங்கையை வைத்து, சுற்றியுள்ள தோலைவிடச் சூடாக இருக்கிறதா, கெட்டியாக இருக்கிறதா, அழுகிய பழம்போல் கொழகொழவென்று இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். கத்திரிப்பூ நிறமோ கறுப்போ தட்டினால் உள்ளே சதை சேதமாகியிருக்கலாம். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். பத்து நாளாக மறையாத சிவப்பு என்பதால், நிறம் மாறாவிட்டாலும் இந்த வாரத்துக்குள் ஒருமுறை காட்டிவிடுங்கள். எண்ணெய் விட்டுத் தேய்ப்பது, பவுடர் கொட்டுவது, ஒத்தடம் எதுவும் வேண்டாம். அந்த இடத்தில் பாரம் படாமல் இருப்பதுதான் மருந்து.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது போன் பார்க்கும் வரிதான். சாய்ந்து படுக்கும்போது உடல் கால் பக்கமாகச் சரியும். தோலோ விரிப்பில் ஒட்டிக்கொண்டு நகராது. உள்ளே எலும்பு மட்டும் வழுக்கும்போது இடையிலுள்ள ரத்தக்குழாய்கள் இழுபட்டு அடைபடும். வால் எலும்புப் புண்ணுக்குப் பெரும்பாலும் இதுதான் வழி. பக்கவாட்டில் படுத்தே கிடந்திருந்தால் இடுப்பெலும்பின் பக்கமும், சக்கர நாற்காலியில் அதிகம் உட்கார்ந்திருந்தால் பிட்டத்தின் அடி எலும்பும்தான் முதலில் சிவக்கும். புண் இருக்கும் இடமே காரணத்தைச் சொல்லிவிடும். சிவப்பு மறையும்வரை மல்லாந்து படுப்பதும் சாய்ந்து உட்காருவதும் கூடாது. அதற்குப் பிறகும் தலைப்பக்கம் 30 டிகிரிக்கு மேல் உயர வேண்டாம்.

இனி மெத்தை. ஆர்த்தோ மெத்தையை முதலில் தள்ளிவிடுங்கள். ‘முதுகெலும்பில் அடி’ என்று கேட்டதும் கெட்டியான கயிற்று நார் மெத்தையை எடுத்துப் போடுவது கடைக்காரர்களின் வழக்கம். அது முதுகுவலிக்காரர்களுக்காகச் செய்தது. வலித்தால் அவர்கள் தூக்கத்திலேயே புரண்டுகொள்வார்கள். உங்கள் தம்பிக்கு அந்த வலியே தெரியாது.

வாட்டர் பெட் அழுத்தத்தைப் பரப்பும் என்பது உண்மைதான். ஆனால் 100 லிட்டர் நிரப்பினால் 100 கிலோ. கட்டில் அதைத் தாங்க வேண்டும். குறைவாக நிரப்பினால் இடுப்பு அடியில் தட்டும், அதிகமானால் கல்லாகிவிடும். ஆடும் தண்ணீர்மேல் கையூன்றிப் புரளவும் முடியாது. கை பலம் முழுதாக இருப்பவருக்கு அதைக் கொடுத்தால் அந்தப் பலத்தைப் பிடுங்கிக்கொண்ட மாதிரிதான்.

டி10, அதாவது நெஞ்சுப் பகுதித் தண்டுவடத்தின் பத்தாவது மட்டத்தில் பாதிப்புள்ளவர் பயிற்சி எடுத்தால் தானே புரளலாம், தானே எழுந்து உட்காரலாம். அதனால் தோல் ஆறியதும் அவருக்கு என் முதல் தேர்வு நல்ல ஃபோம் மெத்தை: கனம் 6 அங்குலம், அடர்த்தி கன மீட்டருக்கு 35 கிலோவுக்குக் குறையாமல். கடையில் ‘டென்சிட்டி’ என்று கேட்டால் புரியும். மேலுறை நான்கு பக்கமும் இழுபடும் துணியாக, ஈரம் உள்ளே போகாததாக இருக்க வேண்டும். ரெக்சின் உறை வேண்டாம். வியர்வை தேங்கும், இழுத்துக் கட்டிய துணி மாதிரி விறைத்து நிற்கும். மெமரி ஃபோம் மட்டுமே உள்ள மெத்தை நம் வெயிலுக்குச் சூடு, ஆளை உள்ளேயும் இழுத்துக்கொள்ளும். மெத்தையின் மேல்மட்டமும் சக்கர நாற்காலி இருக்கையும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று அளந்துகொண்டு வாங்குங்கள். இடம் மாறும்போது தாண்ட வேண்டிய மேடு ஒவ்வொன்றிலும் பிட்டம் உரசும்.

டியூப் வைத்த ஏர் பெட் யாருக்கு? கழுத்தில் அடிபட்டுக் கையும் வராதவர்களுக்கு, ஏற்கெனவே புண் உள்ளவர்களுக்கு, புரள முடியாதவர்களுக்கு. குமிழ் பெட்டைவிட இதில் ஆழம் அதிகம். சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு வரிசை டியூப் இறங்கும், அடுத்தது ஏறும். தம்பியின் புண் ஆறும்வரை வேண்டுமென்றால் வாடகைக்குக் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். சிலருக்கு அந்த ஏற்ற இறக்கமே கால் இழுப்பைக் கிளப்பும், அதையும் கவனியுங்கள். விளம்பரத் தாளில், அழுத்தம் ‘32 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே’ என்று அச்சடித்திருந்தால் அதை நம்பி வாங்காதீர்கள். அது 1930இல் விரல் நகத்தடியிலுள்ள நுண் ரத்தக்குழாயின் அழுத்தத்தை அளந்த எண். வால் எலும்புக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு.

இப்போதைக்குக் கையிலிருக்கும் குமிழ் பெட்டையே சரியாகப் போடுங்கள். 4 அங்குல ஃபோம் மெத்தைமேல் குமிழ்கள் மேலே பார்க்க விரித்து, இரு முனைத் துணியையும் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் செருகுங்கள். மெத்தைக்கு அடியில் வைப்பவர்களும் உண்டு. அங்கே வைத்தால் வீண். அரை மணி நேரம் காற்றேறட்டும். பிறகு தம்பியை அந்த ஒருமுறை மட்டும் மல்லாக்கப் படுக்க வைத்து, ஏர் பெட்டுக்கும் கீழ் மெத்தைக்கும் நடுவே, வால் எலும்புக்கு நேர் அடியில், உள்ளங்கை மேலே பார்க்கும்படி கையை நுழையுங்கள். விரல்களை மடக்காதீர்கள். எலும்பு விரலில் இடித்தாலோ, இடையில் ஓர் அங்குலக் காற்று கூட இல்லாவிட்டாலோ அந்த மெத்தை அங்கே இல்லாததற்குச் சமம். குமிழ் வரிசை இறங்கும் நேரத்தில்தான் குட்டு வெளிப்படும். ஒரு சுற்று முழுக்க, சுமார் பத்து நிமிடம், கையை எடுக்காமல் பாருங்கள். இடித்தால் மோட்டாரின் திருகை ஒரு கோடு கூட்டி மறுபடி பாருங்கள். ‘ஃபுல்லில் வையுங்கள்’ என்று கடையில் சொல்வார்கள். ஃபுல்லில் வைத்தால் கட்டாந்தரைதான். எவ்வளவு கூட்டியும் இடிக்கிறதென்றால் எங்கோ கசிவு. சோப்பு நீர் தடவினால் நுரைக்கும். கால்மாட்டில் மோட்டாரிலிருந்து வரும் காற்றுக்குழாய் மடங்கியிருக்கவும் வாய்ப்புண்டு.

மேலே ஒரே ஒரு பருத்தி விரிப்பு, தளர்வாக. ரப்பர் ஷீட், போர்வை, அதன்மேல் இன்னொரு விரிப்பு என்று அடுக்கினால் காற்றுக்குக் கொடுத்த காசு போச்சு. நடுவில் ஓட்டையுள்ள வளையத் தலையணை வேண்டவே வேண்டாம். அது ஓட்டையைச் சுற்றியுள்ள தோலை நெரித்து ரத்தத்தை நிறுத்தும். மின்வெட்டு வந்தால் காற்று இறங்கும். மோட்டார் மிகக் குறைந்த மின்சாரமே இழுக்கும் என்பதால் இன்வெர்ட்டர் லைனில் மாட்டிவிடுங்கள். எந்த மெத்தையானாலும் குதிகால் தனி விவகாரம்: கெண்டைக்கால் முழுநீளத்துக்கும் தலையணை வைத்து, குதிகால் அந்தரத்தில் நிற்கட்டும்.

அம்மாவின் தூக்கத்துக்கு வருகிறேன். எந்த மெத்தையும் ஆளைத் திருப்பிப் போடாது. 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடப் பிரிவைத் தொடங்கிய லுட்விக் குட்மன், மோட்டார் மெத்தை எதுவும் இல்லாத காலத்தில், இரவும் பகலும் இரண்டு மணிக்கொருமுறை திருப்பிப் போட வைத்தே புண்களைக் கட்டுப்படுத்தினார். மெத்தை நன்றாக இருந்தால் இடைவெளியைக் கூட்டலாம், அவ்வளவுதான். தோல் தெளிந்த பிறகு இரண்டு மணியை இரண்டரை ஆக்குங்கள். புரட்டியதும் பாருங்கள், வந்த சிவப்பு அரை மணிக்குள் மறைந்தால் சில நாள் கழித்து மூன்று. மறையாவிட்டால் பழையபடி இரண்டு.

அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு: குப்புறப் படுப்பது. வால் எலும்பு, குதிகால் இரண்டுக்கும் முழு ஓய்வு. இடுப்பு மடங்கி இறுகுவதும் குறையும். நெஞ்சுக்கு ஒரு தலையணை, தொடைக்கு ஒன்று, முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே ஒன்று. நெஞ்சுக்கும் தொடைக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் இடுப்பெலும்பின் முன்முனையும் ஆண்குறியும் நசுங்காமல் இருக்க வேண்டும். முழங்கால் எதையும் தொடக் கூடாது, கால்விரல்கள் தலையணைக்கு வெளியே தொங்க வேண்டும். சிறுநீர்க் குழாய் உடம்புக்கடியில் போகாமல் கால்களுக்கு நடுவே இறங்கட்டும். முதுகெலும்பில் கம்பி பொருத்தியிருந்தால் அதைப் பற்றி அறுவைசிகிச்சை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, பிசியோதெரபிஸ்ட் முன்னிலையில் 20 நிமிடத்தில் தொடங்குங்கள். எழுந்ததும் முழங்கால், இடுப்பு முனை, கால்விரல் மூன்றையும் பாருங்கள். தோல் ஒத்துழைத்தால் வாரம் வாரம் கூட்டிக்கொண்டே போகலாம். சில மாதத்தில் இரவின் பெரும்பகுதியைக் குப்புறவே தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள். முதுகுப்பக்கத்தைக் காலையும் இரவும் செல்போனில் படமெடுத்துத் தம்பியே பார்த்துக்கொள்ளட்டும்.