தனியாக வருகிறவர் எப்போது தூங்குவார்?

கேள்வி: குண்டு துளைக்காத உடம்பு, மலையைப் புரட்டும் பலம், மின்னல் வேகம். கதைகளில் வரும் இப்படியொரு வீரன் இன்றைய ராணுவப் பட்டாலியன் ஒன்றைத் தனியாக எதிர்த்து நின்றால் ஜெயிப்பது யார்? மழுப்பாமல் சொல்லவும்.

பதில்: பட்டாலியன். மழுப்பவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தில் 4 ஆச்சரியக்குறிகள் இருந்தன, நான்கையும் பிடுங்கிவிட்டேன். இந்தப் பக்கத்தில் ஆச்சரியப்படும் உரிமை ஆசிரியருக்கு மட்டும்தான். அவரும் அதைப் பயன்படுத்துவதில்லை.

உடம்பு, பலம், வேகம் எல்லாவற்றையும் தாண்டி என் கண்ணில் விழுந்தது ‘தனியாக’ என்ற சொல். தனியாக என்றால், இவர் தூங்கும்போது முழித்திருக்க ஆள் கிடையாது. ஒரு காலாட்படைப் பட்டாலியனில் ஏறக்குறைய 800 பேர் இருப்பார்கள். பாதிப் பேர் குறட்டை விட்டாலும் மீதிப் பேர் பாரா நிற்பார்கள். நேரம் வந்ததும் ஆள் மாறுவார்கள். மாவீரருக்கு யார் பாரா மாற்றுவது? அவரைக் கொல்லவே வேண்டாம். அரை மணிக்கு ஒருமுறை பக்கத்தில் ஒரு மோர்ட்டார் குண்டைப் போட்டுக்கொண்டே இருந்தால் போதும். நாலாம் நாள் அவர் மலையைப் புரட்ட மாட்டார், புரட்டியதன் மேலேயே படுத்துவிடுவார்.

‘என் வீரனுக்குத் தூக்கமே வராது’ என்று அடுத்த கடிதம் எழுதாதீர்கள். உங்களுக்கு முன்பே கதை சொன்னவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரியும். கும்பகர்ணனுக்கு அத்தனை பலத்தையும் கொடுத்துவிட்டு, கூடவே தூக்கத்தையும் கட்டிவிட்டார்கள். இந்திரஜித்தை வெல்ல லட்சுமணன் 14 வருஷம் கண்மூடாமல் இருந்தான் என்று சொல்லும் கதை வழக்கும் உண்டு. அயர்லாந்தின் பழங்கதையில் கூஹுலின் ஒற்றை ஆளாக ஓர் ஆற்றுத்துறையில் நின்று மேவ் ராணியின் படையை மறிக்கிறான். கடைசியில் தேவனான அவனுடைய தந்தை வந்து மூன்று நாள் காவல் நின்றால்தான் அவனால் தூங்கமுடிகிறது. அந்த மூன்று நாளில் அவனுக்குப் பதிலாகப் போருக்குப் போன சிறுவர் படை மாண்டுபோகிறது. எங்கள் பக்கமும் கணக்கு அதேதான். அசுவத்தாமன் ஒரே இரவில் பாண்டவர் பாசறையை அழித்தானே, அது தூங்கிக்கொண்டிருந்த பாசறை. அப்போதும் வாசலை அடைத்து நிற்க அவனுக்கு இரண்டு பேர் வேண்டியிருந்தது.

குண்டு துளைக்காத உடம்பு பற்றி ஒரு வார்த்தை. பெரிய பீரங்கியின் 155 மில்லிமீட்டர் குண்டு 40 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. 20 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து வரும். அது பட்டாலியனின் சொந்தச் சொத்து இல்லை. ஆனால் கம்பியில்லாக் கருவியில் கேட்டால் கிடைக்கும். உங்கள் வீரர் 80 கிலோ என்று வையுங்கள். வினாடிக்கு 300 மீட்டர் வேகத்தில் அது நெஞ்சில் இடித்தால் தோல் கிழியாது, ஒப்புக்கொள்கிறேன். கால் தரையில் நிற்குமா? கிழியாத தோலோடு அடுத்த ஊரில் போய் விழுவார். திரும்பி நடந்து வருவதற்குள் ராணுவத்தில் இன்னொரு முறை ஆள் மாறியிருக்கும்.

இந்தப் போட்டியை நிஜமாகவே நடத்திப் பார்த்தவர்கள் சூப்பர்மேனை உருவாக்கிய இருவர்தான். 1940 பிப்ரவரியில் அமெரிக்காவின் ‘லுக்’ பத்திரிகைக்கு இரண்டு பக்கத்தில் ஒரு சித்திரக்கதை வரைந்தார்கள். சூப்பர்மேன் பீரங்கிகளை முறுக்கிப்போட்டு, ஹிட்லரைக் கழுத்தோடு தூக்கி, போகிற வழியில் ஸ்டாலினையும் அள்ளிக்கொண்டு ஜெனீவாவில் ஐ.நா.வின் முன்னோடியான சர்வதேச சங்கத்தின் முன் இறக்கிவிடுவார். இரண்டே பக்கம், போர் முடிந்தது. நாஜி எஸ்.எஸ். படையின் பத்திரிகை அதற்குக் கோபப்பட்டுப் பதில் வேறு எழுதியது. எதிர்ப்பக்கத்தின் ஆசிரியர் வாசகர் கடிதத்துக்குச் சளைத்தவர் இல்லை போலிருக்கிறது.

பிறகு அமெரிக்காவே போரில் இறங்கியது. இப்போது என்ன செய்வது? கதையில் அவர் காலையில் போரை முடித்தால், அன்று மாலைச் செய்தித்தாளில் போர் நடந்துகொண்டிருக்குமே. சூப்பர்மேன் கண்ணாடி மாட்டிக்கொண்டு சாதாரண ஆளாகத் திரியும்போது அவர் பெயர் கிளார்க் கென்ட். 1942-ல் தினசரிச் சித்திரத்தொடரில் அந்தக் கென்ட்டை ராணுவத்துக்கு ஆளெடுக்கும் இடத்துக்கு அனுப்பினார்கள். கண் பரிசோதனை. எதிரே இருந்த எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னதும், ஊடுருவும் பார்வையால் சுவரைத் தாண்டி அடுத்த அறைப் பலகையைப் படித்துவிட்டார். பார்வை சரியில்லை, தகுதியில்லை, போய்வாருங்கள். ரயிலை நிறுத்துகிறவரை ஒரு டாக்டரின் பேனா நிறுத்தியது. ராணுவம் துப்பாக்கியைத் தொடவே இல்லை.

‘பட்டாலியன்’ என்று நான் எழுதியதற்கு ஒரு தமிழ்ப் பேராசிரியரிடமிருந்து கடிதம் வரும். எங்களுக்குள் இது பழைய வழக்கு. படைப்பிரிவுகளுக்குத் தமிழில் பெயரா இல்லை என்பார். இருக்கிறது ஐயா, முன்னே போகும் படைக்குத் ‘தூசி’ என்று பெயர். அப்படி எழுதினால் துடைப்பத்தோடு வருகிறார்கள் என்று வாசகர் நினைப்பார். ஒரு விஷயத்தில் மட்டும் அவரோடு எனக்குச் சண்டையில்லை. தனியாக நிற்பவனுக்குத் தமிழ் வைத்த பெயர் அழகானது. தன் படை பின்வாங்கும்போது கடைசியில் ஒற்றை ஆளாக நின்று எதிரியைத் தடுப்பதைப் புறப்பொருள் வெண்பாமாலை ‘எருமை மறம்’ என்கிறது. சிங்கம் இல்லை, புலி இல்லை, அசையாத எருமை. ஆனால் அந்தப் பட்டத்தை உங்கள் வீரருக்குத் தர வழியில்லை. அவருக்குப் பின்வாங்க ஒரு படை வேண்டுமே.

எங்கள் ஓவியர் வருஷக்கணக்காக, எந்தக் கதை கொடுத்தாலும் குன்றின் உச்சியில் வாளோடு ஓர் ஆளை நிறுத்தித்தான் படம் வரைவார். இந்தப் பதிலைக் கொடுத்து, இதற்கு எருமை போடுங்கள் என்றேன். அரை மணியில் கொண்டுவந்தார். குன்று அப்படியே இருந்தது. எருமைக்குக் கண்ணாடி மாட்டியிருந்தார்.