தளபதி போனபின் கடைக்குப் பூட்டு: பர்மா ராணுவ வரலாறு பற்றிய கேள்வி பதில்

பர்மாவின் படைத்தலைவர்கள் சிலர் ஆட்சியாளர்களோடு முரண்பட்டு வெளியேறிய வரலாற்றைக் கேட்டு நம் அன்பர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். முப்பது ஆண்டுகள் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்தவன் நான். இரங்கூனில் மளிகைக் கடை வைத்திருந்த வீட்டில் பிறந்தவனும்கூட. என் பதில்களில் இரண்டும் கலந்துதான் வரும்.

கல்லூரி மாணவி, இரங்கூன்: 'பதவி விலகினார்', 'ஓய்வு பெற அனுமதிக்கப்பட்டார்' என்று இரண்டு விதமாக எழுதுகிறார்களே ஐயா, என்ன வேறுபாடு?

அறிவிப்பில் உள்ள சொல்லை வைத்து முடிவுக்கு வராதே அம்மா. அடுத்த வாரம் அந்த மனிதர் எங்கே இருக்கிறார் என்று பார். 2004 அக்டோபர் 19 அன்று, பிரதமராகவும் உளவுத்துறைத் தலைவராகவும் இருந்த ஜெனரல் கின் நியுண்ட் உடல்நலக் காரணத்தால் ஓய்வு பெற அனுமதிக்கப்பட்டதாக அறிவித்தார்கள். அவரோ காவலில் இருந்தார். மறு ஆண்டு 44 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்து, அதை நிறுத்திவைத்து, வீட்டிலேயே அடைத்தார்கள். 2012 ஜனவரியில்தான் வெளியே வந்தார்.

இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொள். மற்ற நாடுகளில் தளபதி ஒரு பக்கம், அமைச்சர் ஒரு பக்கம். 1962 மார்ச் 2க்குப் பிறகு இங்கே படையே ஆட்சியாகிவிட்டது. அதனால் சண்டை இரண்டு வீடுகளுக்கு இடையில் நடக்கவில்லை, ஒரே வீட்டின் கூடத்தில் நடந்தது. வெளியே தெரிந்ததெல்லாம் கதவு சாத்தப்படும் சத்தம் மட்டுமே.

வியாபாரி, தட்டோன்: "ஆங் ஜீ இருந்திருந்தால் நம் கடை போயிருக்காது" என்று என் தாத்தா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். உண்மையா?

இந்தக் கேள்விக்காகத்தான் நான் எழுதவே உட்கார்ந்தேன் தம்பி. உங்கள் தாத்தா சொன்னதை என் அப்பாவும் சொன்னார்.

பிரிகேடியர் ஆங் ஜீ, 1962இல் ஆட்சியைப் பிடித்த படைத்தலைவர் ஜெனரல் நே வினுக்கு அடுத்த இடத்தில் படையில் இருந்தவர். ஆட்சியைக் கைப்பற்றிய புரட்சிக் கவுன்சிலில் வணிகமும் தொழிலும் அவர் பொறுப்பு. ஐம்பதுகளில் படை நடத்திய கடைகளையும் கம்பெனிகளையும் மேற்பார்த்தவர் என்பதால், சரக்கு எப்படி நகர்கிறது, கடன் எப்படிச் சுழல்கிறது என்பது அவருக்குத் தெரியும். தனியார் வியாபாரத்துக்கும் இடம் வேண்டும், மாற்றம் படிப்படியாக வரட்டும் என்பது அவர் நிலைப்பாடு. எதிர்ப்பக்கத்தில் பிரிகேடியர் தின் பே. எல்லாவற்றையும் அரசே எடுத்துக்கொள்ள வேண்டும், அதுவும் உடனே என்றார். நே வின் தின் பே பக்கம் சாய்ந்தார். 1963 பிப்ரவரி 8 அன்று ஆங் ஜீ பதவி விலகினார்.

பிறகு நடந்ததைத் தேதியோடு பாருங்கள். பிப்ரவரி 15: உற்பத்தி, விநியோகம், ஏற்றுமதி, இறக்குமதி அனைத்தும் அரசின் கைக்குப் போகும் என்று நே வின் அறிவித்தார். பிப்ரவரி 23: உள்நாட்டு வங்கிகளும் வெளிநாட்டு வங்கிகளுமாக 24 வங்கிகள் அரசுடைமை ஆயின. ஆங் ஜீ விலகி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. 1964 மார்ச்சில் இரங்கூன் கடைகளின் முறை. அந்த மே 17 அன்று 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்று லட்சம் இந்திய வம்சாவளியினர் இந்த நாட்டைவிட்டுப் போனார்கள். சென்னையில் பர்மா பஜார் முளைத்த கதை இதுதான்.

எங்கள் கடையை எடுத்துக்கொள்ள அரசு ஆட்கள் வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. வந்தவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். பருப்பு மூட்டை, எண்ணெய் டின், தராசு, படிக்கல் வரை பட்டியல் எடுத்தார்கள். அப்பா சாவியை மேஜைமேல் வைத்தார். கணக்கு நோட்டை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அதுவும் பட்டியலில் சேர்ந்துவிட்டது என்றார்கள்.

ஆனாலும் ஆங் ஜீ இருந்திருந்தால் கடை பிழைத்திருக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். 'பர்மிய வழிச் சோசலிசம்' என்ற கொள்கை அறிக்கை 1962 ஏப்ரலிலேயே வந்துவிட்டது. அப்போது அவர் கவுன்சிலில்தான் இருந்தார். செட்டியார்களின் வயல்களைக் குறிவைத்த நிலச்சட்டமோ 1948இலேயே, மக்களாட்சிக் காலத்திலேயே வந்தது. நம்மவர்மேல் இருந்த கசப்பு ஒரு மனிதர் போனதால் பிறந்ததன்று. வேகம் மாறியிருக்கும் என்பது என் எண்ணம். ஒரு குடும்பத்துக்கு இரண்டு வருட அவகாசம் என்பது சிறிய விஷயமா? சரக்கை விற்றிருக்கலாம், கடனை வசூலித்திருக்கலாம், பெண்ணுக்குக் கல்யாணம் முடித்திருக்கலாம். "பொறு" என்று சொல்ல அந்த அறையில் இருந்த ஆள் எழுந்து போனதும், நம் தெருக்களுக்கு அந்த அவகாசம் இல்லாமல் போயிற்று.

ஓய்வுபெற்ற எழுத்தர், மாந்தலை: ஆங் ஜீயைத் தியாகி ஆக்காதீர்கள். 1962 ஜூலையை மறந்துவிட்டீர்களா?

மறக்கவில்லை ஐயா. நீங்கள் சொல்வது சரி. ஜூலை 7 அன்று இரங்கூன் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் சுடப்பட்டார்கள். மறுநாள் காலை மாணவர் சங்கக் கட்டடமே வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அந்தப் பழி நீண்டகாலம் ஆங் ஜீ பெயரோடு ஒட்டியிருந்தது. தாம் உத்தரவிடவில்லை என்று பின்னாளில் மறுத்தார். ஆனால் அன்று அவர் விலகவில்லையே. மாணவர் பிணங்களுக்காக விலகாதவர் ஏழு மாதம் கழித்துப் பொருளாதாரக் கொள்கைக்காக விலகினார். இது என் நெஞ்சில் இன்றும் உறுத்துகிறது.

இளைஞர், பெகு: நம் முதல் தளபதி, சிறுபான்மையினரான கரேன் இனத்தவராமே?

ஆம். லெப்டினன்ட் ஜெனரல் ஸ்மித் டன். டேராடூன் ராணுவக் கழகத்தின் முதல் அணியில் படித்தவர். பின்னால் இந்தியத் தளபதியாகிக் குன்னூரில் வாழ்ந்த மானெக்ஷாவும் பின்னால் பாகிஸ்தான் தளபதியான மூசாவும் அவருடைய வகுப்புத் தோழர்கள். ஒரே வகுப்பிலிருந்து மூன்று நாடுகளுக்குத் தளபதிகள்! 1949 ஜனவரி இறுதியில் இன்செயினில் கரேன் படையினரோடு போர் மூண்டதும் அன்றைய பிரதமர் ஊ நுவின் அரசு ஸ்மித் டன்னை விடுப்பில் அனுப்பியது. அவர் கிளர்ச்சியில் சேரவில்லை. அரசோடு கொள்கைச் சண்டை போட்டதாகவும் இல்லை. பிறந்த இனம் போதுமானதாக இருந்தது. அந்த இடத்துக்கு வந்தவர்தான் நே வின். பின்னால் நடந்ததற்கெல்லாம் வாசல் அங்கே திறந்தது என்பேன்.

ஆசிரியை, மோல்மேன்: ஆட்சியாளர் சொல்வது தவறு என்று தெரிந்தால் தளபதி என்ன செய்ய வேண்டும்?

உள்ளே உரக்கச் சொல்ல வேண்டும். கேட்கவில்லை என்றால் ஒன்று கீழ்ப்படிய வேண்டும், இல்லை விலக வேண்டும். துப்பாக்கியைத் திருப்பக் கூடாது. அதன் விலையை நாம் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

2017இல் பிரான்சின் முப்படைத் தலைவர் பியேர் த வில்லியே, பாதுகாப்புச் செலவில் 85 கோடி யூரோ வெட்டை எதிர்த்து அதிபர் மக்ரோனோடு மோதிப் பதவி விலகினார். மறுநாளும் பிரான்சில் அதே அரசு இருந்தது, அதே படை இருந்தது. இந்தியாவில் 1959இல் ஜெனரல் திம்மையா, அமைச்சர் கிருஷ்ண மேனனோடு முரண்பட்டு விலகல் கடிதம் கொடுத்தார். நம் அரக்கானில் ஜப்பானியரோடு போரிட்டவர் அவர். நேரு கேட்டுக்கொண்டதால் கடிதத்தைத் திரும்பப் பெற்றார். பிறகு நேரு நாடாளுமன்றத்தில் அவரையே குறை சொன்னார். கொடுத்த கடிதத்தைத் திரும்ப வாங்கியிருக்கக் கூடாது என்று இன்றும் எனக்குத் தோன்றுகிறது.

அதே ஆசிரியை: ஜெனரல் தின் ஊ என்ன ஆனார்?

1974இல் படைத்தலைவர், பாதுகாப்பு அமைச்சர். 1976 மார்ச்சில் கட்டாய ஓய்வு. அந்த ஆண்டு இளம் அதிகாரிகளின் சதி ஒன்று பிடிபட்டது. தெரிந்தும் சொல்லவில்லை என்று அவர்மேல் குற்றம் சாட்டி ஏழு ஆண்டுக் கடுங்காவல் விதித்தார்கள். 1980 பொதுமன்னிப்பில் வெளிவந்து சட்டம் படித்தார். 2024இல் 97 வயதில் காலமானார்.

மாணவர், இரங்கூன்: 1988இல் ஆங் ஜீ அரசியலுக்குத் திரும்பி வந்தது எப்படி?

கடிதங்களால். நே வினுக்கே பகிரங்கக் கடிதங்கள் எழுதினார். பொருளாதாரம் சீரழிந்ததையும் மாணவர்கள் பட்ட கொடுமையையும் எழுதினார். கைப்பட நகலெடுத்துக் கூடப் படித்தார்கள். ஜூலை இறுதியில் கைது செய்தார்கள். செப்டம்பரில் தேசிய ஜனநாயகக் கழகம் என்ற கட்சி தொடங்கியபோது அவரே தலைவர், தின் ஊ துணைத்தலைவர், ஆங் சான் சூச்சி பொதுச்செயலாளர். கழகத்துக்குள் கம்யூனிஸ்டுகள் புகுந்துவிட்டார்கள் என்று சண்டையிட்டு டிசம்பரிலேயே வெளியேறினார். அவர் விட்டுப்போன தலைவர் நாற்காலியில் அமர்ந்தவர் தின் ஊ.