கோபுரத்துக்குப் போகும் வாரிசுகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

'டிராகன் ஏஜ்' வீடியோ விளையாட்டுகளின் தீடாஸ் உலகத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அதில் ஒரு விஷயம் எனக்கு வெகுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. அங்கே ஒரு பிரபுவின் குழந்தையிடம் மந்திர ஆற்றல் வெளிப்பட்டால், மதச்சபையின் டெம்ப்ளர் வீரர்கள் வந்து அழைத்துப்போய் மந்திரவாதிகளின் கோபுரத்தில் சேர்த்துவிடுகிறார்கள். பட்டமும் நிலமும் போய்விடுகின்றன. கோட்டையும் படையும் வைத்திருக்கும் குடும்பங்கள் இதை எப்படிப் பொறுத்துக்கொள்கின்றன? வெறுங்கையில் நெருப்பை எழுப்பும் வாரிசு கிடைத்தால் எந்தப் பிரபுவும் கொண்டாடத்தானே செய்வான்? கதைக்குச் சோகம் வேண்டும் என்பதற்காகச் சேர்த்த விதியாகவே எனக்குப் படுகிறது.

இன்னொன்று. ரெட்கிளிஃப் ஊரில் நடந்த அத்தனை சாவுக்கும் மகனை ஒளித்துவைத்த இசோல்ட்தான் காரணம் என்று என் நண்பர்கள் அடித்துச் சொல்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? நானும் இதுபோன்ற ஒரு கற்பனை உலகில் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். மூத்த மகளிடம் மந்திரம் வெளிப்பட்டதால் அவளை அனுப்பிவிடுகிறார்கள், இளையவன் வாரிசாகிறான். அதற்குமேல் கதை நகர மறுக்கிறது.

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் சொல்லும் பிரபு தீடாஸில் இருக்கிறான். வடக்கே, டெவின்டரில். அங்கே மந்திரவாதிகளே ஆள்கிறார்கள். உயர்குலங்கள் தலைமுறை தலைமுறையாகப் பொருத்தம் பார்த்து மணமுடித்து, மந்திர ஆற்றலைக் குலச்சொத்தாகவே பெருக்கி வைத்திருக்கின்றன. அந்த வீடுகளில் மந்திரம் இல்லாமல் பிறக்கும் பிள்ளைதான் தலைகுனிவு. தெற்கு நாடுகள் ஒருகாலத்தில் அந்த ஆட்சியின் பிடியில் கிடந்தவை. ஆன்ட்ராஸ்டே என்ற தீர்க்கதரிசியின் கிளர்ச்சியும், அவள் பெயரால் எழுந்த சேன்ட்ரி சபையும் அந்த அனுபவத்திலிருந்து வந்தவை. மந்திரம் மனிதனுக்குப் பணிசெய்யவே, அவனை ஆள அல்ல என்பது அந்தச் சபையின் அடிப்படைப் போதனை.

ஆகவே இந்தச் சட்டத்தைப் பேய்பிசாசு அச்சம் என்று மட்டும் பார்க்காதீர்கள். கனவுலகத்திலிருந்து துர்சக்தி ஒன்று மந்திரவாதியின் உடலுக்குள் புகுந்துவிடும் என்ற அச்சம் உண்மையானது. விளையாட்டு அதைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறது. ஆனால் அதற்காகக் குழந்தைக்குப் பயிற்சி தந்தால் போதும். பட்டத்தைப் பறிக்கவேண்டிய அவசியமில்லை. பறிப்பதற்குக் காரணம் வேறு: மந்திரமும் வம்சமும் ஒரே கையில் சேரக்கூடாது.

விதிவிலக்குகளைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஒர்லே பேரரசின் அரசவையில் விவியென் என்ற மந்திரவாதி பெரும் செல்வாக்கோடு இருக்கிறாள். அரியணைக்குப் பக்கத்தில் அவள் நிற்கலாம், அமரத்தான் முடியாது. 2010-இல் வந்த 'அவேக்கனிங்' தொடர்ச்சியில், உங்கள் கதாபாத்திரம் மந்திரவாதியாக இருந்தாலும் அமரன்தைன் பகுதியை ஆளுகிறது. சட்டம் மீறப்பட்டுவிட்டது என்று தோன்றும். ஆனால் அந்த நிலம், அரக்கப் படைகளை எதிர்த்துப் போரிடும் கிரே வார்டன் அமைப்புக்குத் தரப்பட்டது. தளபதி மாறினால் ஆட்சியும் மாறும், பிள்ளைக்குப் போகாது. கோபுரத்தில் மந்திரவாதிகளுக்குப் பிறக்கும் குழந்தைகளையும் சபை எடுத்துக்கொண்டுவிடுகிறது. மேலிருந்தும் கீழிருந்தும் பரம்பரையை வெட்டுகிற சட்டம் இது.

2009-இல் வந்த முதல் விளையாட்டு இதைக் கதாபாத்திரத்தைத் தேர்ந்தெடுக்கும் திரையிலேயே சொல்லிவிடுகிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். கூஸ்லாண்ட் என்ற பிரபுக் குடும்பத்தின் பிள்ளையாகத் தொடங்கினால் போர்வீரராகலாம், தந்திரக்காரராகலாம். மந்திரவாதி என்ற தேர்வே கிடையாது. மனித மந்திரவாதியாகத் தொடங்கினால் அமெல் என்ற குடும்பப்பெயர் மட்டும் இருக்கும், வீடு இருக்காது. கூஸ்லாண்ட் பெண், அரியணைக்கு உரிமையுள்ள அலிஸ்டரை மணந்து அரசியாகலாம். அதே அலிஸ்டரை அதே அளவு நேசித்த அமெல் பெண்ணால் ஆக முடியாது. அத்தனை மணி நேரம் விளையாடிவிட்டு அந்த இடத்துக்கு வருபவர்களுக்கு இது சேர்த்துவைத்த சோகமாகத் தெரியாது. சட்டம் தன் தலையிலேயே விழுந்ததாகத்தான் தெரியும்.

அமெல் குடும்பத்தின் கதை 2011-இல் வந்த இரண்டாம் விளையாட்டில்தான் முழுதாகத் தெரிகிறது. கிர்க்வால் நகரத்தின் முதல் வரிசைக் குடும்பங்களில் ஒன்று அது. ரெவ்கா அமெலின் குழந்தையிடம் மந்திரம் வெளிப்படுகிறது. குடும்பத்தின் பெயர் சரிகிறது. அந்தக் குடும்பத்தின் மகள் லியாண்ட்ரா, தப்பி வாழும் மந்திரவாதியான மால்கம் ஹாக்கோடு ஊரைவிட்டே போய்விடுகிறாள். கடைசியில் மாளிகையும் கைமாறுகிறது. பிரபுக்கள் ஏன் பொறுத்துக்கொள்கிறார்கள் என்று கேட்டீர்களே, பதில் இங்கே இருக்கிறது. ஒரு வீட்டில் மந்திரக் குழந்தை பிறந்தால் அந்த வீடு காலிசெய்யும் இடத்துக்கு அடுத்த வீடு வரலாம். சபையின் சட்டத்தைக் காவல் காப்பவர்களில் டெம்ப்ளர்களைவிட அண்டை மாளிகைக்காரர்கள் அதிகம்.

லியாண்ட்ராவுக்கு முதலில் நிச்சயித்த மாப்பிள்ளை டி லான்செட் குடும்பத்தவர். அவர் பிறகு வேறொருத்தியை மணக்கிறார். அந்த வீட்டிலும் ஒரு மகன், எமில், மந்திரத்தோடு பிறக்கிறான்; சிறுவயதிலேயே கோபுரத்துக்குப் போகிறான். வளர்ந்து ஆளான பிறகு ஒருநாள் தப்பிக்கிறான். டெம்ப்ளர்கள் தேட, நாமும் தேடிப் போகிறோம். அவன் உட்கார்ந்திருப்பது ஒரு மதுக்கடையில். அம்மா ரகசியமாகக் கொடுத்த பணம் கையில் இருக்கிறது. அவன் ஆசையெல்லாம் வெளியுலகத்தில் எல்லா இளைஞர்களும் செய்வதைச் செய்துபார்ப்பதுதான்: குடித்துப் பார்க்கவேண்டும், ஒரு பெண்ணோடு பேசிப் பழகவேண்டும். பெரிய சதியோ பழிவாங்கலோ இல்லை. பலர் இந்தப் பகுதியைச் சிரித்துவிட்டுக் கடந்துபோகிறார்கள். எனக்கு அந்த அம்மாவின் பணப்பைதான் நினைவில் நிற்கிறது. பட்டத்தை வைத்துக்கொண்டு அவளால் மகனுக்குச் செய்ய முடிந்தது அவ்வளவே.

இனி இசோல்ட். உங்கள் நண்பர்கள் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. நடந்ததை வரிசையாக வைத்துப் பாருங்கள். ரெட்கிளிஃப் பிரபுவான ஆர்ல் ஏமனுக்கும் இசோல்டுக்கும் ஒரே மகன் கானர். அவனிடம் மந்திரம் இருப்பது தெரிந்ததும் இசோல்ட் கணவரிடமே மறைக்கிறாள். தெரிந்தால் அவர் சட்டப்படி நடப்பார் என்ற பயம். மந்திரத்தை மறைத்துவைக்கும் அளவுக்காவது பையன் கற்றுக்கொள்ளட்டும் என்று ஆள் தேடுகிறாள். அப்படி வந்து சேரும் ஜோவன், கோபுரத்திலிருந்து தப்பியவன். ஆட்சியைக் கையிலெடுத்த தளபதி லோகெய்ன் ஏவ, அவன் ஏமனுக்கு விஷம் வைக்கிறான். சாகக்கிடக்கும் அப்பாவைப் பிழைக்கவைக்க ஒரு சிறுவன் துர்சக்தியோடு ஒப்பந்தம் செய்துகொள்கிறான். பிறகுதான் இரவுதோறும் பிணங்கள் எழுந்து ஊருக்குள் இறங்குகின்றன.

கோட்டை மண்டபத்தில் கானரை முதலில் பார்க்கும் காட்சியை இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள். சித்தப்பா டீகன் அவன் முன்னால் கோமாளிபோலக் குதித்துக் கரணம் போட்டுக்கொண்டிருக்கிறார். பையனின் வாயிலிருந்து வேறு குரல் வருகிறது. இசோல்ட் கெஞ்சுகிறாள். ஒரு கணம் அவன் உண்மையான குரல் மேலே வருகிறது: என்ன நடக்கிறது என்று அம்மாவைக் கேட்கிறான். உடனே அடங்கிப்போகிறது.

அவள் செய்தது தவறுதான், கணவரிடமாவது சொல்லியிருக்கவேண்டும். ஆனால் தகுதியான ஆசிரியரைத் தேடும் வழி அவளுக்குத் திறந்திருக்கவில்லை. கோபுரத்தைக் கேட்டால் மகன் போய்விடுவான். கோபுரத்துக்கு வெளியே அவளுக்குக் கிடைக்கக்கூடியவர்கள் தப்பி ஓடியவர்களும் ஒளிந்து வாழ்பவர்களும்தான். பயிற்சி இல்லாத மந்திரவாதிதான் ஆபத்து என்று சொல்லும் சட்டம், பயிற்சி இல்லாத மந்திரவாதியை ஒரு கோட்டைக்குள்ளேயே உருவாக்கிவிட்டது. விஷம் வைத்தவனையும் ஏவியவனையும் விட்டுவிட்டு அம்மாவை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை.

டெவின்டர் பக்கம் போனால் நிம்மதி என்றும் எண்ணவேண்டாம். 2014-இல் வந்த மூன்றாம் விளையாட்டில் டெவின்டர் உயர்குல மந்திரவாதி டோரியன் பாவுஸ் தன் தந்தையைச் சந்திப்பது இதே ரெட்கிளிஃப் ஊரின் விடுதியில். ஆண்களை விரும்பும் மகன், குலத்துக்கேற்ற பெண்ணை மணக்க மறுத்ததற்காக, இரத்த மந்திரத்தால் அவன் மனத்தையே மாற்றப் பார்த்த தந்தை அவர். மந்திரத்தைப் போற்றும் நாட்டிலும் பிள்ளை குலத்தின் உடைமைதான்.

உங்கள் கதைக்கு வருகிறேன். மூத்தவள் போனதோடு அது நின்றுவிட்டது என்றால், நீங்கள் அவள் பின்னாலேயே போகப் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வீட்டிலேயே இருங்கள். மந்திரம் குடும்பத்தில் ஓடும் ஒன்று என்றால், அந்தத் தம்பியை எல்லோரும் இனி எப்படிப் பார்ப்பார்கள்? அவன் காய்ச்சலில் பிதற்றினால் வேலைக்காரர்கள் என்ன செய்வார்கள்? அவனுக்குப் பெண் தருவதாகச் சொன்ன குடும்பம் வார்த்தை மாறாமல் இருக்குமா? அக்காவுக்குக் கடிதம் எழுத அவனை அனுமதிப்பார்களா, எழுதினால் யார் படித்துப் பார்ப்பார்கள்? அவனிடமும் ஏதோ இருக்கிறதா என்பதை வாசகருக்கு முன்பே சொல்லிவிடாதீர்கள்; அவனுக்கே தெரியவேண்டாம். முதல் மூன்று அத்தியாயங்களை முடித்துவிட்டு எனக்கு அனுப்புங்கள், படித்துவிட்டு எழுதுகிறேன்.